சனியைச் சுழலவிட்ட மூவர்

கடை நொடித்தால், சனி பிடித்துவிட்டது என்பர். கடன்காரன் வாசலை விட்டு அகன்றால், சனியன் தொலைந்தான் என்பர். பிள்ளை பாடத்தில் தேறாவிட்டாலும் சனி. பெண்ணுக்கு மணம் கூடிவராவிட்டாலும் சனி! கதிரவனிலிருந்து ஏறத்தாழ 143 கோடி கிலோமீட்டர் தொலைவில், தன் வழியே தான் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் கோளுக்கு நம் கடையும் தெரியாது, கடனும் தெரியாது, கன்னியர் வடிக்கும் கண்ணீரும் தெரியாது. ஏதுமறியா ஒன்றின் தலையில் இத்தனை பழியைச் சுமத்தியிருக்கிறோமே, அது வாய் திறந்தால் என்ன சொல்லும் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

வாய் திறக்கவில்லை. ஆயினும் அதன் பெயரால் ஓர் இசைத்தட்டு இருக்கிறது. 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. 'எக்ஸ்-102 சனியின் வளையங்களைக் கண்டறிகிறது' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஆக்கியோர் மூவர்: ஜெஃப் மில்ஸ், மைக் பேங்க்ஸ், ராபர்ட் ஹூட். மூவரும் அமெரிக்க நாட்டு டெட்ராயிட் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள். வெளியிட்டதோ ஜெர்மனியின் பெர்லின் நகரத்து டிரெசார் நிறுவனம். டெக்னோ என்று உலகோர் அழைக்கும் இசை வகையைச் சேர்ந்தது இது. பாட்டு இல்லை, பாடகர் இல்லை, மின்கருவிகள் எழுப்பும் ஒலியே எல்லாம். சனியைப் பாட்டுடைத் தலைவனாக்கிய இந்தத் தட்டில் அச்சமும் இல்லை, அருச்சனையும் இல்லை. கோளைக் கோளாகவே பார்த்த மூவரின் வேலை இது.

தட்டைக் கையிலெடுத்து விளக்கொளியில் சற்றே சாய்த்துப் பாருங்கள். கருநிறப் பரப்பில் அகலமான பட்டைகளும் குறுகிய பட்டைகளும் மாறிமாறித் தெரியும். எந்த இசைத்தட்டிலும் அவ்வாறுதானே தெரியும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் இங்கே அவை தற்செயலாய் அமைந்தவை அல்ல. தட்டில் வெட்டப்படும் தடங்கள் சனியின் வளையங்களை ஒத்திருக்க வேண்டும் என்று திட்டமிட்டு, அதற்கேற்ப இசையை வகுத்தனர் இம்மூவர். இசைத் துண்டுகளுக்கு இட்ட பெயர்களோ ஏ வளையம், பி வளையம், சி வளையம் என்பன. டைட்டன், ரீயா, தீத்திஸ், ஹைபீரியன், ஐயாபெட்டஸ் என அதன் நிலவுகளின் பெயர்களும் உண்டு. நடுவே ஒட்டியுள்ள வட்டத்தாள் நம் கண்ணுக்குக் கோளாகத் தோன்றுகிறது; சூழவுள்ள கருந்தடங்கள் வளையங்களாகின்றன. இசைப்பெட்டியில் ஏற்றிச் சுழலவிட்டால், கேட்கும் பொருளே காணும் பொருளுமாகிவிடுகிறது. சனியைப் பற்றிய தட்டு என்று சொல்வது போதாது, தட்டே சனி!

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுவோம். தட்டின் விளிம்பிலுள்ள தடம் முள்ளின் கீழ் விரைந்தோடும். உள்ளே செல்லச் செல்ல ஓட்டம் தளரும். வானத்துச் சனியிலோ தலைகீழ். கோளை அடுத்த துகள் பறக்கும்; தொலைவிலுள்ள துகள் மெல்ல நடக்கும். ஆலையில் வார்த்த வட்டுக்குக் கெப்ளரின் விதி தெரியாதன்றோ! தடிமனிலும் தட்டு தோற்றுப்போகிறது. சனியின் பெருவளையங்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஏறத்தாழ 2,80,000 கிலோமீட்டர் அகன்றவை. தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். அந்த அளவுப்படி இசைத்தட்டைச் செய்வதானால், தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லியதாக அதைத் தேய்க்க வேண்டியிருக்கும்.

இந்த வளையங்களை மனிதன் அறிந்துகொண்ட கதை நீண்டது. 1610இல் கலிலியோ தம் தொலைநோக்கியால் பார்த்தபோது, சனியின் இருபுறமும் இரு சிறு கோள்கள் ஒட்டியிருப்பதாகத் தோன்றியது. 1612இல் பார்த்தார், அவற்றைக் காணோம்! வளையம் தன் மெல்லிய விளிம்பைப் பூமிப் பக்கம் திருப்பியிருந்தது, அதனால் மறைந்தது. அவர் திகைத்தார். திகைத்தாரே ஒழியப் பரிகாரம் தேடி ஓடவில்லை, பார்ப்பதை விடவில்லை. 1659இல் ஹைகன்ஸ், அது கோளைத் தொடாமல் சூழ்ந்து நிற்கும் வளையம் என்று எழுதினார். 1675இல் காசினி, வளையத்தின் ஊடே ஓர் இடைவெளியைக் கண்டார். 1859இல் மாக்ஸ்வெல், அது ஒரே திண்பொருளாக இருக்க முடியாது, எண்ணற்ற சிறு துண்டுகளின் கூட்டமாகவே இருத்தல் வேண்டும் என்று கணக்கால் காட்டினார். 1980இலும் 1981இலும் இரு வாயேஜர் கலங்கள் அருகே சென்று படம் எடுத்தன. டெட்ராயிட் இளைஞர்கள் தட்டை ஆக்கியபோது அவர்கள் முன் இருந்த சனி, இந்த வாயேஜர் காட்டிய சனி.

நம்மிடம் இருந்த சனியோ வேறு. அதன் கணக்கையும் பார்த்துவிடுவோமே! கதிரவனை ஒருமுறை சுற்றிவரச் சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டு வேண்டும். வானத்தைப் பன்னிரண்டு கட்டங்களாக வகுத்தால் கட்டத்துக்கு இரண்டரை ஆண்டு. மூன்று கட்டத்துக்கு ஏழரை. இதுதான் ஏழரைச் சனி! பெருக்கல் வாய்பாடு போதும், பேய் வேண்டியதில்லை. அது கட்டம் மாறும் நாளையேனும் ஒருமனதாகச் சொல்கிறார்களா? வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நாளைச் சொல்லும், திருக்கணிதப் பஞ்சாங்கம் வேறொரு நாளைச் சொல்லும். எந்த நாளில் அஞ்சுவது என்பதிலேயே அச்சம் விற்போருக்குள் ஒற்றுமை இல்லை.

டெட்ராயிட்டுக்கு வருவோம். ஊரை அறியாமல் தட்டை அறிய முடியாது. 1913இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் பொருத்துவரிசை ஓடத் தொடங்கியது. மோட்டார் வண்டி நகரும். தொழிலாளி நின்ற இடத்தில் நின்று ஒரே திருகை ஒரே விதமாய் முடுக்குவான், நாள் முழுதும். தென்மாநிலப் பருத்திக் காடுகளில் அடிமைகளாயிருந்தோரின் வழிவந்தவர்கள் கூட்டங்கூட்டமாய் வடக்கே வந்தனர், கூலி கிடைக்கும் என்று. கிடைத்தது, ஆனால் எந்த வேலை? உலோகத்தை உருக்கி வார்க்கும் உலைக்கூடம் பெரும்பாலும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. வெள்ளையர் வாழும் தெருவில் வீடு இல்லை. 1967 சூலையில் நகரம் கொதித்தெழுந்தது. 43 பேர் மாண்டனர். 1950இல் 18½ இலட்சம் பேர் வாழ்ந்த நகரம், 1990இல் 10 இலட்சத்துச் சொச்சமாயிற்று. ஆலைகள் இடம் பெயர்ந்தன. எஞ்சிய ஆலைகளில் எந்திரக் கைகள் வந்தன. எந்திரத்தோடு எந்திரமாய் நின்ற மனிதன், எந்திரம் வந்ததும் வெளியே நிறுத்தப்பட்டான்.

இந்த ஊரின் இளைஞன் எந்திரத்தை வெறுத்திருக்க வேண்டும் என்றுதானே எண்ணுவோம்? அவனோ அதைக் கையிலெடுத்தான்! சப்பான் நாட்டு ரோலண்ட் நிறுவனம் 1983இல் டி.ஆர்.-909 என்றொரு முரசுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உண்மை முரசு போல ஒலிக்கவில்லை என்று வாங்குவோர் முகம் சுளித்தனர். ஓரிரண்டு ஆண்டிலேயே உற்பத்தி நின்றது. பழம்பொருட் கடைகளுக்கு மலிவாய் வந்து சேர்ந்தது. அதன் முகப்பில் வரிசையாய்ப் பதினாறு பொத்தான்கள். எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அந்த நொடியில் அடி விழும். பதினாறும் முடிந்தால் முதலிலிருந்து மீண்டும் ஓடும். பொருத்துவரிசையின் அதே நடை! ஆனால் இங்கே வரிசையை ஓட்டுபவன் அவன். எப்போது நிறுத்துவது, எப்போது முடுக்குவது, எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்பவனும் அவனே. தந்தையர் தலைமுறை யாருடைய தாளத்துக்கோ ஆடிற்று. மகன் தாளத்தைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டான்.

வானத்தின் மீது அவர்களுக்கு வேட்கை வந்ததற்கும் வழி இருந்தது. எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற பெயரில் ஒருவர் அந்நகர வானொலியில் இரவுதோறும் தோன்றுவார். விண்கலம் ஒன்று நகரத்தின் மீது இறங்குவதாகச் சொல்லித் தம் நிகழ்ச்சியைத் தொடங்குவார். இன்ன இனத்தாருக்கு இன்ன இசை என்ற வேலியைப் பாராமல், ஜெர்மானியரின் மின்னிசையையும் கறுப்பினக் கலைஞரின் துள்ளிசையையும் ஒன்றாய்க் கலந்து தருவார். அவர் முகத்தை ஊர் கண்டதில்லை. மில்ஸும் அதே நகரத்து வானொலியில் 'விசார்ட்' என்னும் புனைபெயரில் தட்டுகளைச் சுழற்றியவர்தான். அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற பெயரில் மூவரும் கூடி இயங்கிய காலத்தில், அட்டையில் முகப்படம் போட மறுத்தனர். மேடையில் முகமூடி அணிந்தனர். முகத்தின் நிறத்தைக் கண்டு எடைபோடும் நாட்டில், 'ஒலியைக் கேட்டு எடைபோடு' என்று சொல்வதற்கு இதைவிடக் கூரிய வழி உண்டோ? எந்தத் தெருவில் குடியேறலாம், எந்தத் தெருவில் கூடாது என்று பூமியில் கோடு கிழித்துவைத்தவர்கள், சனிக்கு மட்டும் கோடு கிழிக்க மறந்துவிட்டார்கள்.

இனி, இசை. நாதசுரத்தில் தோய்ந்த செவியுடைய நண்பர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "இதில் மூச்சு இல்லையே!" மெய்தான். மூச்சு இல்லை, இருப்பதாக நடிக்கவும் இல்லை. வானவெளியில் மூச்சேது? பாடிப் பழகிய தொண்டையின் குழைவை இங்கே தேடுபவர் ஏமாறுவார். வேறொன்று இருக்கிறது. மெல்லிய இரைச்சல் ஒன்று தொலைவிலிருந்து வருகிறது. வருகிறதா, போகிறதா என்று தெளியுமுன் அதன் மேல் இன்னோர் இழை படிகிறது. கீழே நெடிய ஒலியொன்று நிலம் போல் விரிகிறது. சில தடங்களில் முரசே கிடையாது, மிதந்தபடி கடக்கிறோம். வேறு சிலவற்றில் சம்மட்டி அடி! உலைக்கூடத்து ஓசை கோளைச் சுற்றிவருகிறதோ என்று ஐயுறும் அளவுக்கு அடி. எல்லாம் ஒரே தரத்தன என்று சொல்லமாட்டோம். சில துண்டுகள் தொடங்கும் முன்னே முடிகின்றன. ஓரிரண்டு, கருவியை ஓடவிட்டு எழுந்து போய்விட்டார்களோ என்று எண்ண வைக்கின்றன. ஆயினும் தட்டை முழுதாய்க் கேட்கும்போது, பல துண்டுகளைத் தனித்தனியே கேட்டோம் என்ற எண்ணம் வருவதில்லை. ஓர் இடத்துக்குப் போய் வந்த களைப்பு வருகிறது.

பல்லியம் என்பது நம் பழஞ்சொல். பல கருவிகள் கூடி முழங்குவது. மேனாட்டுப் பல்லியத்துக்கு எண்பது கலைஞர் வேண்டும், எண்பது பேர் அமர அரங்கம் வேண்டும், அவர்களைப் பயிற்ற ஆண்டுகள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொருள் தரும் புரவலர் வேண்டும். பெருவெளியின் பேரமைதியை ஒலியாக்க வேண்டுமெனில், அத்தனையும் உடையவனே முயலலாம் என்றிருந்தது நெடுங்காலம். மூன்று இளைஞர், சில பெட்டிகள், கம்பிச் சுருள்கள். அந்த மதிலைத் தாண்டிவிட்டார்களே! இதுதான் இத்தட்டில் நம்மை முதலில் ஈர்த்தது. அழகு பிறகு வந்தது.

இதை நாம் வெறும் கலைவியப்பாக எழுதவில்லை. நம் அக்காள் ஒருவர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவருக்கு வரன் தேடினர். மூன்று இடம் வந்தது. மூன்றும் சாதகத்தைப் பார்த்துத் திரும்பிற்று. சனி நின்ற இடம் சரியில்லையாம்! ஏழரை கழியட்டும் என்றனர் வீட்டுப் பெரியவர்கள். கழிந்தது. அதற்குள் வயது கூடிவிட்டது என்றனர், அதே பெரியவர்கள்! அக்காள் மணம் செய்துகொள்ளவில்லை. ஆசிரியப் பயிற்சி பெற்று, ஊர்ப் பள்ளியில் அறிவியல் கற்பித்து, ஓய்வு பெற்றார். இதற்காக அவர் யாரையும் நொந்து பேசி நாம் கேட்டதில்லை. சனிக்கிழமைகளில் எள் விளக்கு ஏற்ற மட்டும் அவர் ஒருபோதும் சென்றதில்லை.

ஜெர்மனியில் பணியாற்றும் நண்பர் இந்தத் தட்டை அனுப்பிவைத்த ஆண்டில், ஒரு மாலை நாம் அதைச் சுழலவிட்டிருந்தோம். அக்காள் சமையற்கட்டிலிருந்து வந்து நின்றார்.

"என்ன தம்பி, உள்ளே ஆலை ஓடுகிறதா?"

"இல்லை அக்கா, சனி ஓடுகிறது."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிலவுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார், வகுப்பில் வருகைப் பதிவேடு படிப்பவரைப் போல. "இப்போது ஓடுவது எது?" என்று கேட்டார். சொன்னோம். "டைட்டனுக்குக் காற்றுமண்டலம் உண்டு, தெரியுமோ? நிலவுகளில் அப்படிக் கனத்த காற்று வேறெதற்கும் கிடையாது," என்றார். ஒரு பக்கம் முடிந்து முள் தூக்கியதும், "மறுபக்கம் போடு," என்றார். அந்த மாலையில் அவர் வேறெதுவும் பேசவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததையும் கவனிக்கவில்லை.

தட்டை வெளியிட்ட டிரெசார் பற்றியும் கூறவேண்டும். பெட்டகம் என்பது அந்த ஜெர்மன் சொல்லின் பொருள். பெர்லின் சுவர் 1989 நவம்பரில் திறந்தது. சுவரை ஒட்டிய பாழ்நிலத்தின் அடியில், வெர்தைம் என்னும் பழைய பேரங்காடியின் நிலவறைப் பெட்டகம் புதைந்து கிடந்தது. 1991இல் அதை இசைக்கூடமாக்கினர். துருவேறிய இரும்புப் பெட்டிகள் சுவர் நெடுக அப்படியே இருந்தன. கூடத்தின் பெயரையே இசைத்தட்டு நிறுவனத்துக்கும் இட்டனர். அந்த அங்காடி யூதக் குடும்பம் ஒன்றுக்கு உரியதாய் இருந்தது. இட்லர் ஆட்சியில், இனத்தைக் காரணம் காட்டி அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. இனவெறியர் பறித்த கட்டடம் குண்டுவீச்சில் சிதைந்து போயிற்று. எஞ்சிய நிலவறையில், அடிமைகளின் வழிவந்தோர் ஆக்கிய இசைக்குக் கிழக்கு பெர்லின் இளைஞரும் மேற்கு பெர்லின் இளைஞரும் தோளோடு தோள் உரச ஆடினர்! அந்தப் பழைய கூடம் 2005இல் மூடப்பட்டது. 2007இல் வேறிடத்தில், முன்பு மின்நிலையமாயிருந்த கட்டடத்தில், மீண்டும் திறந்தனர்.

கோள்களுக்கு இசை வகுத்தவர் இம்மூவருக்கு முன் இல்லையா என்று கேட்போர் உண்டு. இருந்தார். ஆங்கிலேயர் கஸ்டவ் ஹோல்ஸ்ட், 1914 முதல் 1917 வரை உழைத்து 'கோள்கள்' என்னும் பெரும் பல்லிய இசையை எழுதினார். ஏழு கோள்கள், ஏழு பகுதிகள். ஐந்தாவது சனி: 'முதுமையைக் கொணர்வோன்'. தளர்ந்த நடையில் இரு ஒலிகள் மாறிமாறி வர, அடியில் பெருந்தந்திகள் முனக, வெண்கல ஊதுகுழல்கள் ஊர்வலமாய் நெருங்க, மணிகள் அலறி, பின் மெல்ல அடங்கும் அந்தப் பகுதி மிக உயர்ந்த ஆக்கம். ஹோல்ஸ்ட்டுக்கும் அதுவே மிகப் பிடித்தது. ஆனால் ஹோல்ஸ்ட் எழுதியது வானநூல் கோள் அன்று; சோதிடக் கோள்! சோதிடத்தில் ஆர்வங்கொண்டிருந்த அவர், கோளுக்குரியனவாகச் சோதிடர் கூறும் குணங்களை இசையாக்கினார். அதனால்தான் அந்த ஏழில் பூமிக்கு இடமில்லை. சாதகக் கட்டத்தில் பூமி இல்லையே! இசையின் உயர்வை இதனால் குறைத்துரைக்க மாட்டோம். ஆயினும் மேதையின் காதிலும் சனி முதுமையாக, முடிவாக, அச்சமாகவே ஒலித்தது என்பதைக் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மில்ஸ் பின்னர் பல்லியத்தையும் நாடிச் சென்றார். 2005இல், பிரான்சு நாட்டின் பான் டு கார் என்னும் உரோமர் காலத்து நீர்ப்பாலத்தின் அருகே, மான்ட்பெல்லியே நகரத்துப் பல்லியத்துடன் சேர்ந்து தம் டெக்னோ ஆக்கங்களை இசைத்தார். 2017இல், போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்துச் சிம்பொனிக் குழுவுடன் 'பிளானட்ஸ்' என்னும் தட்டை வெளியிட்டார். ஹோல்ஸ்ட்டின் தலைப்பேதான்; வழி வேறு. கோள்களின் இயல்பை, வானநூலார் அளந்து சொன்னதை, அடிப்படையாக்கினார். கோளுக்கும் கோளுக்கும் நடுவே உள்ள பயணத்துக்கும் தனியே இசை எழுதினார். அந்த இடைவெளிகளை நாம் விரும்பிக் கேட்கிறோம். வானத்தில் பெரும்பகுதி இடைவெளிதானே!

அதே 2017 செப்டம்பர் 15 அன்று, காசினி விண்கலம் சனிக்குள் பாய்ந்து எரிந்தது. பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் கோளைச் சுற்றியிருந்தது. என்செலடஸ் என்னும் சிறு நிலவின் பனிப்பரப்பைப் பிளந்து நீர்த்தாரைகள் பீறிடுவதைக் கண்டு சொன்னது. கடைசி மாதங்களில் கோளுக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள சந்தில் 22 முறை புகுந்து வந்தது. அதன் இறுதிச் செய்தி பூமியை எட்ட 83 நிமிடம் ஆயிற்று. அந்த ஆண்டு திசம்பர் 19 அன்று இங்கே சனிப்பெயர்ச்சி. கோயில்களில் விடியுமுன்னே நீண்ட வரிசை.

பல்லியத் தட்டை அக்காளுக்குப் போட்டுக் காட்டினோம். அவருக்கு அதுதான் பிடித்திருக்கிறது. "இதில்தான் சனி பெரிதாக இருக்கிறது, அது உங்கள் பட்டறைச் சனி," என்கிறார். பெரிதாக்க எண்பது பேர் வேண்டியிருந்தது, அங்கே மூன்று பேர் போதுமாயிருந்தது என்கிறோம் நாம். அவர் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வருகிறது. முதலில் அவர் தட்டு, பிறகு நம் தட்டு.